கோவின் கேட்காத தேதி: கொரோனா வந்து போனவர்களின் தடுப்பூசிக் கணக்கு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வேர்டு பழகுவார்கள், பெயின்ட்டில் படம் வரைவார்கள், பாட்டுக் கேட்பார்கள். எக்ஸெல் பக்கம் மட்டும் போக மாட்டார்கள். அது ஆடிட்டருக்கும் ஆபீசுக்கும் உரியது என்று ஒரு நினைப்பு. இந்த மாதம் எக்ஸெல்லில் ஒரே ஒரு சிறிய கணக்குப் போடப் போகிறோம். தேதிக் கணக்கு. நான்கு பேர் உள்ள வீட்டுக்குப் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

இந்தக் கணக்கை நான் முதன்முதலில் போட்டது 2021-இல், என் அப்பாவுக்காக. அப்போது நான் வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டதால் லேப்டாப்போடு திருவையாறு பக்கம் உள்ள எங்கள் ஊருக்கு வந்துவிட்டேன். ஊரில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று பெயர் எடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு மொபைல் நம்பரில் நான்கு பேரைத்தான் கோவினில் பதிய முடியும் (2022 ஜனவரியில்தான் இதை ஆறு பேர் ஆக்கினார்கள்). என் நம்பர், அப்பா நம்பர், தங்கை நம்பர் மூன்றும் தெரு முழுவதற்கும் போதவில்லை.

ஒரே ஆளுக்கு மூன்று தேதி

அப்பாவுக்கு அப்போது 54 வயது. 45 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் தடுப்பூசி என்று 2021 ஏப்ரல் 1-இல் தொடங்கியது. ஏப்ரல் 15-ஆம் தேதி அப்பா ஆரம்ப சுகாதார நிலையத்தில் கோவிஷீல்டு முதல் ஊசி போட்டுக்கொண்டார். ஆறு வாரம் கழித்து, அதாவது மே 27-இல் வரச் சொல்லி அங்கேயே சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.

ஏப்ரல் 28-இல் காய்ச்சல். பரிசோதனையில் கொரோனா. ஆக்சிஜன் அளவு 91-க்கு இறங்கியதும் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மே 12-ஆம் தேதி குணமாகி வீட்டுக்கு வந்தார்.

அதற்கு மறுநாள், மே 13-இல், கோவிஷீல்டின் இரண்டு ஊசிகளுக்கும் இடைவெளி 12 முதல் 16 வாரம் என்று மத்திய அரசு மாற்றியது. அந்த வருடத்தில் இது இரண்டாவது மாற்றம். தொடக்கத்தில் 4 முதல் 6 வாரம் இருந்தது. மார்ச் 22-இல் 6 முதல் 8 வாரம் என்ற அறிவுரை வந்தது. இப்போது 12 வாரம். கோவினும் உடனே மாற்றப்பட்டது. 84 நாள் முடியாதவருக்கு இரண்டாவது ஊசிக்கு இடம் தராது. அப்பாவின் கணக்கில் 84 நாள் முடிவது ஜூலை 8.

மே 19-இல் இன்னொரு அறிவிப்பு. தடுப்பூசி பற்றிய தேசிய நிபுணர் குழுவின் பரிந்துரைகளை மத்திய சுகாதார அமைச்சகம் ஏற்றுக்கொண்டது. கொரோனா வந்து குணமானவர்கள் மூன்று மாதம் கழித்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். முதல் ஊசிக்குப் பிறகு கொரோனா வந்தவர்களுக்கு இரண்டாவது ஊசியும், குணமான நாளிலிருந்து மூன்று மாதம் கழித்துத்தான். அப்பா இந்தக் கடைசி வகை. மே 12-லிருந்து மூன்று மாதம் என்றால் ஆகஸ்ட் 12.

ஆக, சீட்டில் மே 27, கோவினில் ஜூலை 8, அரசு அறிவிப்பின்படி ஆகஸ்ட் 12. இன்னொரு சிக்கலும் இருந்தது. 16 வாரம் என்ற மேல் எல்லை ஆகஸ்ட் 5-இல் முடிந்துவிடுகிறது. மூன்று மாதம் காத்திருந்தால் அந்த எல்லை தாண்டிவிடும். "கம்ப்யூட்டர் என்னடா சொல்லுது?" என்று அப்பா தினமும் கேட்டார். கம்ப்யூட்டர் ஜூலை 8 என்றுதான் சொன்னது. அது தப்பு என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

கோவின் ஏன் தப்பாகச் சொன்னது?

உண்மையில் கோவின் தப்பாகச் சொல்லவில்லை. அதனிடம் இருந்த தகவலுக்கு அது சொன்னது சரிதான்.

பதிவு செய்தவர்களுக்கு நினைவிருக்கும். மொபைல் நம்பர் தந்து, ஓ.டி.பி. வந்ததும் ஒரு படிவம் வரும். அதில் எந்த அடையாள அட்டை, அதன் நம்பர், பெயர், ஆணா பெண்ணா, பிறந்த வருடம் ஆகியவற்றைக் கேட்பார்கள். அவ்வளவுதான். "உங்களுக்குக் கொரோனா வந்ததா? என்று குணமானீர்கள்?" என்ற கேள்வியே இல்லை. ஆய்வுக்கூடங்கள் பரிசோதனை முடிவுகளை அனுப்பியது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தளத்துக்கு. ஊசி விவரம் ஏறியது கோவினுக்கு. ஊசிக்கு நாள் கேட்டுப் பதியும்போது கோவின் அந்த இன்னொரு பதிவேட்டைத் திறந்து பார்க்கவில்லை. அதனால் ஏப்ரல் 15-உடன் 84-ஐக் கூட்டி ஜூலை 8 என்றது. ஏப்ரல் 28-உம் மே 12-உம் அதற்குத் தெரியாது.

சாப்ட்வேர் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் கோவின் மீது பெரிய குறை இல்லை. 2021 ஏப்ரல் 28-இல், 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பதிவு தொடங்கிய முதல் நாளிலேயே ஒரு கோடிப் பேருக்கு மேல் பதிவு செய்தார்கள். படிவம் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. மேலும், பரிசோதனையே செய்துகொள்ளாதவர்கள் நம் ஊர்ப் பக்கம் எத்தனை பேர்! என் அம்மாவே அதில் ஒருவர். அப்பாவுக்குக் காய்ச்சல் வந்த அதே வாரம் அம்மாவுக்கும் வந்தது. வாசனை தெரியவில்லை என்றார். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் அம்மாவுக்குப் பரிசோதனை செய்யவே இல்லை. எந்தக் கம்ப்யூட்டரிலும் அம்மாவின் கொரோனா கிடையாது.

ஐரோப்பிய ஒன்றியம் இதை வேறு மாதிரி செய்தது. 2021 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த அவர்களின் டிஜிட்டல் கோவிட் சான்றிதழ் மூன்று வகைப்படும். ஊசி போட்டதற்கு ஒன்று, பரிசோதனை முடிவுக்கு ஒன்று, நோய் வந்து குணமானதற்கு ஒன்று. குணமான சான்றிதழ் அதிகபட்சம் 180 நாளுக்குச் செல்லும். அதாவது நோய் வந்த தேதிக்கு அங்கே ஒரு கட்டம் இருந்தது. உங்கள் கோவின் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பெயர், வயது, ஊசியின் பெயர், போட்ட தேதி, ஒரு க்யூ.ஆர். கோடு எல்லாம் இருக்கும். நோய் வந்ததைப் பற்றி ஒரு வரி இருக்காது. அந்தத் தேதியை நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.

மூன்று மாதம் எதற்கு?

நோய் வந்து குணமானவரின் உடலில் அந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி உருவாகியிருக்கும். சில மாதங்களுக்கு அது ஓரளவு காக்கும். அந்த நேரத்தில் ஊசிக்கு அவசரம் இல்லை. 2021 மே, ஜூன் மாதங்களில் தமிழ்நாட்டில் ஊசி மருந்துக்கு எவ்வளவு தட்டுப்பாடு இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. காலை ஐந்து மணிக்கே டோக்கனுக்கு நிற்பார்கள். ஓரளவு பாதுகாப்பு உள்ளவர் மூன்று மாதம் காத்திருந்தால், எந்தப் பாதுகாப்பும் இல்லாத இன்னொருவருக்கு அந்த ஊசி கிடைக்கும்.

மூன்று மாதம் என்பது கல்லில் வெட்டிய எண் அல்ல. 2021 ஜனவரியில் இந்தியாவிலேயே குணமாகி 4 முதல் 8 வாரம் என்றுதான் சொன்னார்கள். பிரிட்டனில் பெரியவர்களுக்கு நான்கு வாரம் என்றார்கள். அமெரிக்காவில் குணமாகித் தனிமை முடிந்தாலே போடலாம் என்றார்கள். ஒவ்வொரு நாடும் தன் கையிருப்பையும் நோய்ப் பரவலையும் பார்த்து முடிவு செய்தது. இதிலிருந்து ஒன்று புரிகிறது. தெரியாமல் இரண்டாவது மாதத்திலேயே போட்டுக்கொண்டவர்கள் பயப்பட வேண்டியதில்லை. அந்த ஊசி வீணும் இல்லை, ஆபத்தும் இல்லை. எங்கள் தெருவில் ஒரு அக்கா இப்படிப் போட்டுவிட்டு ஒரு வாரம் தூங்காமல் இருந்தார்.

அப்பாவின் 16 வாரச் சிக்கலுக்கும் இதே போன்ற பதில்தான். இரண்டாவது ஊசி சில நாள் தாமதமானால் முதலில் இருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்தில் தொடரலாம். இரண்டு தேதிகளில் எது பிந்தியதோ அதை எடுத்துக்கொண்டால் இரண்டு விதியும் நிறைவேறிவிடும்.

அதே மே 19 அறிவிப்பில் வேறு சில விஷயங்களும் இருந்தன. கொரோனா சிகிச்சையில் பிளாஸ்மாவோ மோனோகுளோனல் ஆன்டிபாடி மருந்தோ ஏற்றப்பட்டவர்களுக்கு, ஆஸ்பத்திரியை விட்டு வந்த நாளிலிருந்து மூன்று மாதம். வேறு ஏதாவது கடுமையான நோய்க்காக ஆஸ்பத்திரியில் படுத்தவர்களுக்கு 4 முதல் 8 வாரம். பாலூட்டும் தாய்மார்கள் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். ஊசிக்கு முன்னால் கொரோனா பரிசோதனை எதுவும் தேவையில்லை. ரத்த தானம் செய்கிறவர்கள் ஊசி போட்டு 14 நாள் கழித்துச் செய்யலாம். 2022 ஜனவரியில் முன்னெச்சரிக்கை ஊசி தொடங்கியபோது, குணமானவர்களுக்கான மூன்று மாத விதி அதற்கும் பொருந்தும் என்று தெளிவுபடுத்தினார்கள்.

ஊசி போட்ட பிறகும் வந்ததே?

ஊரில் அதிகம் பேர் கேட்ட கேள்வி இது. "ஊசி போட்டான், பதிமூணாம் நாள் படுத்துட்டான். ஊசியாலதான் வந்துச்சு."

கோவிஷீல்டு ஊசியில் கொரோனா வைரஸ் கிடையாது. சிம்பன்சிக் குரங்குக்குச் சளி உண்டாக்கும் ஒரு வைரஸை, நம் உடலில் பெருக முடியாதபடி மாற்றி, கொரோனாவின் முள் போன்ற பகுதியைச் செய்வதற்கான குறிப்பை மட்டும் அதில் ஏற்றி அனுப்புகிறார்கள். கோவாக்சினில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ். இரண்டாலும் கொரோனா வராது. முதல் ஊசிக்குப் பின் ஓரளவு பாதுகாப்பு வருவதற்கே இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் வெளியே பரவிக்கொண்டிருந்த கிருமி அப்பாவைப் பிடித்துவிட்டது. 2021 ஏப்ரலில் அது எங்கும் பரவியிருந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் தஞ்சாவூர் மாவட்டத்தில் அம்மாப்பேட்டை பள்ளி மாணவிகளுக்குக் கூட்டமாகத் தொற்று வந்தது நினைவிருக்கும்.

இதற்கு நேர் எதிரான கேள்வி என் பெரியப்பாவுடையது. அவருக்கு ஊசி போடும் முன்பே மே மாதத் தொடக்கத்தில் கொரோனா. வீட்டிலேயே இருந்து மே 17-இல் குணமானார். "வந்து போனதே ஊசிதான்டா. இனிமே எனக்கு எதுக்கு?" என்றார். பதில் சொல்ல முடியாமல் நான் விழித்தேன். கேள்வி நியாயமானதுதான். நோயும் எதிர்ப்பு சக்தி தருகிறது என்று நானே சொல்லியிருக்கிறேன்.

பதில் ஆகஸ்டில் வந்தது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், 2020-இல் கொரோனா வந்து போனவர்களை எடுத்து, அவர்களில் யாருக்கு 2021 மே, ஜூன் மாதங்களில் மறுபடி வந்தது என்று பார்த்தார்கள். ஊசி போடாதவர்களுக்கு மறுபடி வரும் வாய்ப்பு, முழுமையாகப் போட்டுக்கொண்டவர்களைப் போல் 2.34 மடங்கு. நோய் தரும் எதிர்ப்பு சக்தி ஆளுக்கு ஆள் வேறுபடும். லேசாக வந்து போனவருக்குக் குறைவாகவும் இருக்கலாம். அதன் மேல் ஊசியும் சேரும்போது பாதுகாப்பு கூடுகிறது. இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். "அமெரிக்காக்காரன் கணக்கு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

இனி எக்ஸெல்லுக்கு வருவோம்

எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் என்ற இலவசத் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமைத் திறந்துகொள்ளுங்கள். கீழே சொல்வது இரண்டிலும் வேலை செய்யும்.

புதிய ஷீட் ஒன்றைத் திறந்திடுங்கள். முதல் வரியில் ஏ1 கட்டத்தில் பெயர், பி1-இல் முதல் ஊசி, சி1-இல் குணமான நாள், டி1-இல் 84 நாள், ஈ1-இல் மூன்று மாதம், எஃப்1-இல் போக வேண்டிய நாள் என்று தலைப்புகளைத் தாருங்கள். இரண்டாவது வரியில் ஏ2-இல் அப்பா என்றும், பி2-இல் ஊசி போட்ட தேதியையும், சி2-இல் குணமான தேதியையும் டைப் செய்திடுங்கள்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். நான் முதலில் செய்த தவறு இங்கேதான். சி2-இல் 12/5/2021 என்று டைப் செய்தேன். என் லேப்டாப்பில் விண்டோஸ் அமெரிக்க முறைக்கு அமைக்கப்பட்டிருந்தது. அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். ஆகவே அது டிசம்பர் 5 என்று எடுத்துக்கொண்டு, மூன்று மாதம் கூட்டி, அப்பா 2022 மார்ச் 5-இல் போக வேண்டும் என்றது. நானும் அதை அப்படியே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "அதுக்குள்ள சம்பா அறுத்துடலாமே" என்றார். அப்போதுதான் மறுபடி பார்த்தேன்.

இதைத் தவிர்க்க இரண்டு வழிகள். எளிய வழி, மாதத்தை எண்ணாகத் தராமல் 12-மே-2021 என்று மாதத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் டைப் செய்வது. குழப்பமே வராது. நிரந்தர வழி, விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் திறந்து, டைம் அண்ட் லாங்குவேஜ், அதில் லாங்குவேஜ் அண்ட் ரீஜன் போய், ரீஜனல் பார்மட் என்ற இடத்தில் இங்கிலீஷ் இந்தியா என்பதைத் தேர்ந்தெடுப்பது. சரியாக எடுத்துக்கொண்டதா என்று அறிய ஒரு அடையாளமும் உண்டு. தேதி என்று புரிந்துகொண்டால் கட்டத்தில் வலது பக்கம் ஒட்டி நிற்கும். இடது பக்கம் ஒட்டி நின்றால் அதை வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டது என்று பொருள். அதை வைத்துக் கணக்குப் போட வேண்டாம்.

இப்போது டி2 கட்டத்தில் கிளிக் செய்து =பி2+84 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். (பி என்ற எழுத்தை ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும்.) ஈ2 கட்டத்தில் சமக் குறி போட்டு, ஈ, டி, ஏ, டி, ஈ என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அடித்து, அடைப்புக்குறிக்குள் சி2, ஒரு கமா, 3 ஆகியவற்றைத் தாருங்கள். இதற்கு இடேட் பங்ஷன் என்று பெயர். சி2-இல் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதம் தள்ளி எந்தத் தேதி என்று சொல்லும். எஃப்2 கட்டத்தில் சமக் குறியும் மேக்ஸ் என்பதற்கான எம், ஏ, எக்ஸ் எழுத்துகளும் அடித்து, அடைப்புக்குறிக்குள் டி2, கமா, ஈ2 என்று தாருங்கள். இரண்டில் பெரியது எது என்று இது பார்க்கும். தேதிகளில் பெரியது என்றால் பிந்தியது.

என்டர் தட்டியதும் சிலருக்குத் தேதிக்குப் பதில் 44420 என்று ஒரு எண் வரும். பயந்துவிட வேண்டாம். எக்ஸெல் தேதிகளை எண்களாகத்தான் வைத்திருக்கிறது. 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து எண்ணிக்கொண்டே வருகிறது. அந்தக் கணக்கில் 44420 என்பது 2021 ஆகஸ்ட் 12. அதனால்தான் ஒரு தேதியுடன் 84-ஐ நேராகக் கூட்ட முடிகிறது. கட்டத்தில் ரைட் கிளிக் செய்து, வரும் மெனுவில் பார்மட் செல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, டேட் என்பதில் உங்களுக்குப் பிடித்த வடிவத்தைக் கிளிக் செய்திட்டால் தேதியாகத் தெரியும்.

மூன்று மாதம் என்பதும் 90 நாள் என்பதும் ஒன்றல்ல. மே 12-உடன் 90 கூட்டினால் ஆகஸ்ட் 10 வரும். இடேட் தருவது ஆகஸ்ட் 12. ஊசி விஷயத்தில் இரண்டு நாள் ஒன்றும் செய்யாது. ஆனால் வங்கித் தவணைக்கு இந்த வித்தியாசம் பணம்.

நோய் வராதவர்களுக்குச் சி கட்டத்தையும் ஈ கட்டத்தையும் காலியாக விட்டுவிடுங்கள். மேக்ஸ் காலிக் கட்டத்தைக் கண்டுகொள்ளாது. இன்னும் முதல் ஊசியே போடாதவருக்கு, என் பெரியப்பா போல, பி-யும் டி-யும் காலி. பரிசோதனை செய்யாத அம்மாவுக்கு, காய்ச்சல் விட்டு உடம்பு தேறிய நாளை டாக்டரிடம் சொல்லிக் கேட்டேன். கொரோனாவாகத்தான் இருந்திருக்கும், அந்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள் என்றார். ஆன்டிபாடி பரிசோதனை செய்து பார்க்கலாமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். அந்தப் பரிசோதனையின் எண்ணை வைத்து ஊசி தேவையா இல்லையா என்று முடிவு செய்ய முடியாது.

என்ன ஆயிற்று?

ஜூலை 8 முதல் கோவினில் அப்பாவின் பெயருக்கு நேரே இடம் இருப்பதாகப் பச்சை நிறத்தில் காட்டியது. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, குறுவை நடவு நடந்துகொண்டிருந்த நேரம். பக்கத்து வீடுகளில் எல்லாம் போய்க்கொண்டிருந்தார்கள். "கவர்மென்ட் கம்ப்யூட்டரே வரச் சொல்லுது, நீ ஏன்டா தடுக்கிறே?" என்று அம்மா கோபித்துக்கொண்டார். எக்ஸெல் ஷீட்டைப் பிரிண்ட் எடுத்துக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். அதைப் பார்த்த பிறகு யாரும் கேட்கவில்லை. காகிதத்தில் அச்சாகி வந்தால் நம் வீடுகளில் ஒரு மரியாதை.

ஆகஸ்ட் 16-ஆம் தேதி அப்பா இரண்டாவது ஊசி போட்டுக்கொண்டார். அன்றிரவு லேசாகக் காய்ச்சல், கை வலி. பாரசிட்டமால் ஒன்று. கொரோனா வந்து போனவர்களுக்கு ஊசிக்குப் பின் காய்ச்சல் சற்றுக் கூடுதலாக வரலாம், இரண்டொரு நாளில் விட்டுவிடும். மூன்றாம் நாள் அப்பா களை எடுக்கும் ஆட்களோடு வயலில் நின்றார்.

செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, தமிழ்நாடு முழுவதும் 40 ஆயிரம் இடங்களில் முதல் மெகா தடுப்பூசி முகாம் நடந்தது. அன்று ஒரே நாளில் 28 லட்சம் பேருக்கு மேல் போட்டுக்கொண்டார்கள். அதற்கு முதல் நாள் இரவு பெரியப்பா வந்து, காலண்டருக்குப் பக்கத்தில் இருந்த காகிதத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். "என் பேரு இதுல இருக்கா?" என்றார். இருந்தது. ஆகஸ்ட் 17 என்று. "அப்ப நாள் தாண்டிடுச்சே" என்றார். தாண்டினால் பரவாயில்லை, முன்னாலதான் போகக்கூடாது என்றேன். காலையில் முதல் ஆளாகப் போய் நின்றார்.

இரண்டு எச்சரிக்கைகள்

2021 மே மாதத்தில் ஊசிக்குப் பதிவு செய்து தருவதாகச் சொல்லி எஸ்.எம்.எஸ். மூலம் போலி கோவின் செயலிகள் பரவின. இன்ஸ்டால் செய்தால் போனில் உள்ள எண்களுக்கெல்லாம் தானே எஸ்.எம்.எஸ். அனுப்பும். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் அப்போது எச்சரிக்கை விட்டது. பூஸ்டர் ஊசிக்கு ஓ.டி.பி. கேட்டும் போன் செய்தார்கள். ஊசி, சான்றிதழ் என்று யார் போன் செய்து ஓ.டி.பி. கேட்டாலும் தராதீர்கள். லிங்கில் வரும் ஏ.பி.கே. பைலை இன்ஸ்டால் செய்யாதீர்கள்.

அடுத்தது, உங்கள் கோவின் சான்றிதழ். பி.டி.எஃப். பைலாக இருந்தால் போனில் மட்டும் வைக்காமல் கம்ப்யூட்டரிலும் ஒரு பென் டிரைவிலும் காப்பி செய்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸாகப் போட வேண்டாம். அதில் உங்கள் அடையாள அட்டை பற்றிய விவரமும் க்யூ.ஆர். கோடும் இருக்கின்றன.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-இல் கொரோனா அவசர நிலையை முடித்துக்கொண்டது. மேலே சொன்ன 84 நாளும் மூன்று மாதமும் அந்தக் காலத்து விதிகள். இப்போது வயதானவரோ, டயாலிசிஸ் செய்கிறவரோ, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவரோ இன்னொரு ஊசி வேண்டுமா என்று கேட்டால், முடிவு செய்ய வேண்டியவர் அவருடைய டாக்டர்தான். டாக்டர் கேட்கும் கேள்விகளில் இரண்டு நிச்சயம்: கடைசியாக ஊசி போட்டது எப்போது, கடைசியாகக் கொரோனா வந்தது எப்போது. முதல் கேள்விக்குச் சான்றிதழில் பதில் உண்டு. இரண்டாவதற்கு உங்கள் ஷீட்டின் சி கட்டத்தைப் பாருங்கள். தேதி மறந்துவிட்டிருந்தால் பழைய பரிசோதனை எஸ்.எம்.எஸ்., மருந்துக் கடை பில், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் தாள் இவற்றில் தேடலாம். மூன்றாவது இடம், உங்கள் ஆபீசுக்கு லீவு கேட்டு அனுப்பிய இ-மெயில். எனக்கு அதில்தான் கிடைத்தது.

வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்கள் இதே ஷீட்டில் இன்னொரு பக்கம் திறந்துகொள்ளலாம். அரசின் தடுப்பூசி அட்டவணையில் பென்டாவேலன்ட் ஊசி 6, 10, 14 வாரங்களில் வருகிறது. பிறந்த தேதி பி2-இல் இருந்தால் அதனுடன் 42, 70, 98 என்று கூட்டினால் மூன்று தேதிகளும் கிடைத்துவிடும். குழந்தைக்குக் காய்ச்சல் வந்து ஒரு ஊசி தள்ளிப்போனால் அடுத்ததை எப்போது போடுவது என்று செவிலியரிடம் கேட்டு, அவர் சொல்லும் தேதியைக் கையால் மாற்றிவிடுங்கள். பார்முலாவை நம்பி விட்டுவிட வேண்டாம். பைலைச் சேவ் செய்யும்போது பெயரில் வருடத்தையும் சேர்த்துத் தாருங்கள், பின்னால் தேட எளிதாக இருக்கும். அப்பாவின் ஷீட் என் கம்ப்யூட்டரில் இன்னும் "ஊசி 2021" என்ற பெயரில்தான் இருக்கிறது.